மலை ஏறும் மத்தி

என் சிறு வயதில் போடிநாயக்கனூருக்கு மத்தி மலையில் இருந்து இறங்கி வந்தது. கடல் மீன் மலையில் இருந்து வருவது எங்களில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. ஏலக்காயும் மிளகும் காப்பிக்கொட்டையும் பலாப்பழமும் வந்த வழியில் மீனும் வந்தது, அவ்வளவுதான். கொச்சிப் பக்கம் கரையேறிய மத்தி மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு என்று வந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி முந்தலில் தரை தொடும். அரிசியும் காய்கறியும் ஏற்றி மேலே போன லாரி, திரும்பும்போது மீன் கூடைகளோடு வரும். ஐஸ் உருகி, லாரியின் பின்பக்கம் சொட்டிக்கொண்டே வரும் தண்ணீரை வைத்தே மீன் வந்துவிட்டதென்று தெரு அறிந்துகொள்ளும்.

இப்போது அதே சாலையில் மத்தி மேலே போகிறது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு நடுவே, தெர்மாகோல் பெட்டி அடுக்கிய வேன்களும் வளைவுகளில் ஏறுகின்றன. உள்ளே இருப்பது ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் கரையேறிய மத்தி. பூப்பாறையில் ஒரு மீன் கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்: "இது உங்க ஊர்ப் பக்கத்து மத்திதான் அண்ணே. இதுல நெய் கொஞ்சம் கம்மி. நம்ம மத்தி வரும்போது சொல்றேன்."

தடைக்காலத்தில் மீன் இப்படிப் போய் வருவது பழைய வழக்கம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது கேரள மீன் நமக்கு வரும். கேரளத்தில் தடை ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஜூலை 31 வரை. அப்போது நம் மீன் அங்கே போகும். நான் சொல்வது அதை அல்ல. மத்தி என்ற மீனே தன் எல்லையை மாற்றிக்கொண்டு விட்டதைச் சொல்கிறேன்.

நெய் மத்தி என்கிற இந்தச் சின்ன மீன் ஒரு காலத்தில் மேற்குக் கரைக்கே உரியதாக இருந்தது. தென்முனையில் இருந்து கர்நாடகத்தின் பட்கல் வரை, அதாவது வடக்கே 8 டிகிரியில் இருந்து 14 டிகிரி வரை உள்ள கடல்தான் அதன் நாடு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே எழும்பும். அந்த நீரோடு சத்தும் வரும். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும். மத்தி அதைத் தின்று கொழுக்கும். கடலின் மேற்பரப்பு 27 முதல் 29 டிகிரி வெப்பத்தில் இருந்தால் அதற்குப் பிடிக்கும். 1985 வரை இந்தியாவில் பிடிபட்ட மத்தியில் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பகுதியில் கிடைத்ததுதான். அதன் பிறகு 14 டிகிரிக்கு வடக்கேயும், கன்னியாகுமரியைச் சுற்றி நம் கிழக்குக் கரையிலும் மத்தி கூட்டம் கூட்டமாகப் பிடிபடத் தொடங்கியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இ.விவேகானந்தனும் அவரோடு பணியாற்றியவர்களும் இதைக் கடல் சூடாகி வருவதோடு சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். அவர்கள் கவனித்த ஒரு விஷயம் முக்கியமானது. மத்தி பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு வரவில்லை. பழைய வீட்டில் இருந்துகொண்டே புது வீடுகளையும் பிடித்தது.

பழைய வீட்டிலும் பின்னால் சோதனை வந்தது. 2012இல் கேரளத்தில் மட்டும் சுமார் 4 லட்சம் டன் மத்தி கரையேறியது. 2021இல் அது சுமார் 3,300 டன்னுக்கு இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டே ஒரு லட்சம் டன்னைத் தொட்டு மீண்டும் எழுந்தது என்றாலும், அந்த வறண்ட ஆண்டுகளில் மலையாளியின் தட்டுக்கு மத்தி நம் பக்கத்தில் இருந்துதான் போனது. வேன்கள் வழி பழகியது அப்போதுதான்.

மத்தியின் வாசம் வீட்டில் மூன்று நாள் தங்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அதை அடுப்படிக்குள் விட மாட்டார்கள். கொல்லையில் மூன்று கல் கூட்டிச் சமைப்பார்கள். அப்பத்தா அதற்குக் குடம்புளிதான் போடும். மலையில் வேலை பார்த்துத் திரும்பிய பெண்கள் அப்பத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்த பக்குவம் அது. தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்கும் மத்தியும் இருந்தால் ராச்சாப்பாடு முடிந்தது. காசில்லாதவர்களின் உடம்புக்கு நல்ல கொழுப்பும் சுண்ணாம்புச்சத்தும் கொடுத்த மீன் அது. அதைக் கேவலமாகப் பேசியவர்களை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

கிழக்குக் கடலும் எங்களுக்கு வந்தது, ஆனால் காய்ந்து வந்தது. மதுரையில் இருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் 1928இல் வந்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கருவாடு ஓலைப் பெட்டிகளில் மதுரை வந்து, அங்கிருந்து அந்த ரயிலில் எங்கள் ஊருக்கு வரும். தோட்டத்துக்காரர்கள் சனி, ஞாயிறில் வாரச் செலவு வாங்க இறங்கும்போது அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்க்குப் பிறகு கருவாடு. நெத்திலி, சூடை, கொஞ்சம் காசிருந்தால் திருக்கை. 2010 முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தின ரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது. அதற்குள் கருவாட்டுப் பெட்டிகள் லாரிக்கு மாறிவிட்டன.

ஆக எங்களுக்கு மேற்கில் ஒரு கடல், கிழக்கில் ஒரு கடல். கொச்சியில் தொடங்கி தனுஷ்கோடி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. முன்பு முழு வழிக்கும் எண் 49; இப்போது எங்கள் ஊர் வழியாகப் போகும் பகுதிக்கு 85. மத்தியை ஆராய்ந்த அந்த நிலையமேகூட இந்தச் சாலையின் கிழக்குக் கோடியில் இருந்து மேற்குக் கோடிக்குப் போனதுதான்: 1947இல் தொடங்கி, பல ஆண்டுகள் மண்டபத்தில் இருந்து, 1971இல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. ஆனால் சாலையைவிடப் பழைய இரண்டு வழிகள் எங்கள் மலையில் இருந்து கடலுக்குப் போகின்றன.

போடிமெட்டு முகட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரியும். கிழக்கே சரிவில் விழும் தண்ணீர் கொட்டகுடி ஆற்றுக்கு வந்து, அணைப்பிள்ளையார் அணையைத் தாண்டி, போடியைத் தொட்டு, வைகையில் சேர்ந்து, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகும். அதற்கும் மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் விரிகுடாவில் கலக்கும். மேற்கே விழும் தண்ணீர் பன்னியாற்றில் இறங்கி, ஆனையிறங்கல், பொன்முடி அணைகளைக் கடந்து, முதிரப்புழையோடு பெரியாற்றில் சேர்ந்து, ஆலுவாயில் இரண்டாகப் பிரிந்து, கொச்சிக் காயலுக்கும் கொடுங்கல்லூர்ப் பக்கத்து முகத்துவாரத்துக்கும் போகும். ஒரே மேகத்தின் மழை. ஒரு துளி எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து அது எந்தக் கழிமுகத்துக்குப் பாத்தியப்பட்டது என்பது முடிவாகும்.

கழிமுகம் ஏன் வேண்டும் என்று மலைநாட்டில் இருக்கிறவன் கேட்கலாம். வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சு பல உருவம் மாறி, இரண்டு மூன்று வாரத்தில் ஓதத்தோடு கழிமுகத்துக்குள் நுழைகிறது. நுழைய முடிந்தால்தான் பிழைப்பு. உள்ளே தண்ணீர் ஆழமில்லை, கலங்கல், பெரிய மீன்கள் வந்து துரத்த முடியாது. ஆறு கொண்டுவந்த வண்டலில் மட்கிய இலை தழை, அதைத் தின்னும் புழு பூச்சி, அதைத் தின்று குஞ்சு. சில மாதம் வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். மடவை, பால்கெண்டை, கொடுவா, ஊடகம், நண்டு என்று கரையோரத்தில் நாம் தின்னும் பலவற்றுக்கு இதே பால்யம்தான். உப்புநீரும் நல்லநீரும் சரிவிகிதத்தில் கலக்கும் அந்த இடத்தை எந்த மீனும் வேறெங்கும் போய் உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஆறு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

மத்தி கழிமுகத்தில் வளரும் மீன் அல்ல. அது திறந்த கடலில் பிறந்து கரையோரக் கடலில் வளர்வது. அதனால்தான் கடல் சூடானபோது அதனால் எழுந்து வேறு கரைக்குப் போக முடிந்தது. இறாலும் மடவையும் அப்படியில்லை. கடல் முழுக்க அலையலாம், ஆனால் பிள்ளை வளர்க்க ஓர் ஆற்றின் வாய்க்குத்தான் வந்தாக வேண்டும். போடி சந்தையில் ராமேஸ்வரத்து மத்தி மலிவாகக் கிடைக்கிறது, கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இடம் மாற முடிந்த மீன் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இடம் மாற முடியாதது சத்தமில்லாமல் குறைகிறது.

ஆற்றங்கரைக்கு ஒரு தை மாதம் போனேன். பக்கத்தில்தான் அழகன்குளம். பழைய துறைமுகம்; 1980களில் தொடங்கி தோண்டத் தோண்ட ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடுகளும் கிடைத்த ஊர். கடல் வணிகர்கள் தேடி வந்த ஆற்றுவாயில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. வாயை மணல் திட்டு முக்கால்வாசி அடைத்திருந்தது. இடுப்பில் பறியைக் கட்டிக்கொண்டு சில பெண்கள் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் போடியில் இருந்து வருவதாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆத்தோட தலைமாட்டுல இருந்து வர்றீக. அங்கே மழையா தம்பி?"

"நல்ல மழைங்கய்யா."

"இங்கே வந்து சேரலையே. பெரிய கம்மாய் நிறைஞ்சு, கலங்கல் தண்ணி ஒரு தடவை வந்து இந்த மணலை அடிச்சுக்கிட்டுப் போனாப் போதும். அந்த வருசம் இறால் தெரியும். மடவைக் குஞ்சு கரையெல்லாம் மினுக்கும்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆற்றின் தலைமாட்டில் இருந்து வந்தவன் என்பதால் விவரம் கேட்டார். எனக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. வைகையில் எப்போதாவது வெள்ளம் வந்து பெரிய கண்மாய் நிறைந்து வழிந்தால், "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று எழுதுவார்கள், பேசுவார்கள். விவசாயக் கூட்டத்தில் அதைச் சொன்னால் கைத்தட்டல் விழும். தண்ணீருக்கு ஏங்குகிற பூமியில் அந்தப் பேச்சின் வலி எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் பென்னி குவிக் படம் மாட்டியிருக்கிறது. 1895இல் அவர் பெரியாற்றின் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் இன்று பாதிப் பேர் இருக்க மாட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஓடுகிறது வைகை. இரண்டு ஆற்றுத் தண்ணீர். அப்படியும் அதன் வாய் காய்ந்து கிடக்கிறது. 1959இல் கட்டிய வைகை அணையில் 71 அடி வரை தேக்கி, பாசனத்துக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் திறக்கிறார்கள். அந்தக் கணக்கில் கழிமுகத்துக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். பஞ்ச ஆண்டில் கேட்கவில்லை. அணை நிறைந்த ஆண்டில், ஐப்பசி கார்த்திகையில், மணல் திட்டை உடைத்துவிடுகிற அளவுக்கு ஒரு தடவை. கடலில் கலக்கும் அந்தத் தண்ணீர் வீணாகாது. அது மீனாகத் திரும்பி வரும்.

அணைக்கு முந்தைய ஆற்றைப் பற்றி அப்பத்தா சொல்லும். கொட்டகுடி ஆற்றில் விலாங்கு கிடைக்குமாம், கை தடிமனில். விலாங்கு கடலில் பிறந்து, கழிமுகம் வழியாக உள்ளே நுழைந்து, ஆற்றை எதிர்த்து ஏறி, பல ஆண்டு நல்லநீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகிற மீன். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் உயிரோடு நடந்த போக்குவரத்து அது ஒன்றுதான். நடுவில் அணை எழுந்த பிறகு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வழியில்லை.

மேற்குப் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று நினைப்போம். அங்கே பஞ்சம் வேறு மாதிரி. 1976இல் இடுக்கி மின்திட்டம் வந்ததும் பெரியாற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு மூலமற்றத்தில் விசையாழியைச் சுற்றிவிட்டு மூவாற்றுப்புழை வழியாக வேம்பநாட்டுக் காயலுக்குப் போகத் தொடங்கியது. பெரியாற்றின் வாய்க்கு வர வேண்டியது வேறு வாய்க்கு மாறியது. அதே காலத்தில் குட்டநாட்டு நெல்லை உப்பில் இருந்து காப்பாற்றத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பு கட்டினார்கள். கோடை மாதங்களில் ஷட்டரை இறக்கினால் தெற்கே உப்பு ஏறாது. இறால் குஞ்சும் ஏறாது. குஞ்சு பொரிக்க உப்புநீருக்கு இறங்கியாக வேண்டிய ஆற்றுக்கொஞ்சன் என்கிற நல்லநீர் இறாலும் வழியில் மாட்டிக்கொண்டது. நெல்லுக்கும் மீனுக்கும் ஒரே வயலில் இடம் கொடுத்த பொக்காளி முறை அந்த நாட்டில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் நெல், அறுவடைக்குப் பிறகு ஓதத்தோடு வரும் இறால். அவ்வளவு தெரிந்தவர்கள் ஊரிலேயே இப்படி நடந்தது.

நெதர்லாந்திலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே தென்கடல் என்று அழைக்கப்பட்ட உள்வளைகுடாவில் நெத்திலி வந்து முட்டையிட்டு வளரும். அதை நம்பிப் பல மீனவ ஊர்கள் இருந்தன. 1932இல் அதன் வாயைக் குறுக்கே ஒரு பெரிய கரை கட்டி அடைத்தார்கள். உப்பு நீர் நல்ல நீரானது, நெத்திலித் தொழில் முடிந்தது. 1990களின் நடுவில் வடகடல் சூடாகி நெத்திலியும் மத்தியும் மறுபடி அந்தப் பக்கம் பெருகின. திரும்பி வந்த நெத்திலிக்குப் பழைய தொட்டில் இல்லை.

ஆற்றின் வாய் திறந்திருந்தால் மட்டும் போதாது, வரும் தண்ணீரும் நன்றாக இருக்க வேண்டும். 2024 மே மாதம் பெரியாற்றில் ஏலூர், வராப்புழை பக்கம் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டு கட்டி மீன் வளர்த்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். படத்தில் பார்த்தேன், வெள்ளை வயிறுகள் கரை முழுக்க. மேலே பன்னியாற்றில் தொடங்கி அவ்வளவு தூரம் வந்த தண்ணீர்.

அந்தத் தண்ணீர் புறப்படும் மலையில் என்ன மாறியது என்று கேட்டால், நிழல் மாறியது என்பேன். அப்பா தோட்டம் பார்த்த காலத்தில் ஏலம் காட்டுக்குள் இருந்தது. பலாவும் சந்தன வேம்பும் பெருமரங்களும் மேலே, கீழே முழங்கால் வரை இலைச்சருகு, அதற்குள் ஏலத்தட்டை. மண் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குக் கசியவிடும். பிறகு ஞள்ளானி வந்தது. ஒரு விவசாயி தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். காய்ப்பில் அதற்கு ஈடில்லை, பல குடும்பங்களைக் கரையேற்றியது. ஆனால் அது வெளிச்சம் கேட்டது, உரம் கேட்டது, மருந்து கேட்டது. கிளைகளைக் கழித்தார்கள். சருகு குறைந்தது. மழை பெய்த அன்றே ஓடை பொங்கி, அடுத்த வாரமே வற்றுகிறது. ஓடை வற்றுவதால் படுதா விரித்துக் குளம் வெட்டி நீரைத் தேக்குகிறார்கள். தேக்குவதால் ஓடை இன்னும் வற்றுகிறது. 2024 கோடையில் படுதாக் குளங்களும் காய்ந்து, தட்டைகள் நின்ற நிலையில் கருகின. மாதம் தவறாமல் அடிக்கும் மருந்து முதல் மழையிலேயே ஓடையில் இறங்குகிறது. நான் சிறுவனாக இருந்தபோது கல்லைப் புரட்டினால் ஓடும் நீர்ப்பூச்சிகள் இன்று பல ஓடைகளில் இல்லை. பூச்சி இல்லாத ஓடையில் குஞ்சு மீன் எதைத் தின்னும்?

ஏலம் போட்ட காய்க்கு எவ்வளவு விலை கிடைத்தது என்பதை போடியில் குழந்தைகூடச் சொல்லும். அதில் எனக்கும் பங்குண்டு. அந்தக் காசில்தான் நான் படித்தேன். அதனாலேயே ஓடையைப் பற்றிப் பேசும் கடமையும் எனக்கு இருக்கிறது.

பன்னியாற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் இரு கரையிலும் என் அண்ணன் மகனுக்குத் தோட்டம் இருக்கிறது. போன வாரம் ஸ்டோரில் காய் காயவைத்துக்கொண்டிருந்தவனிடம், ஓடைக்கு இரண்டு பக்கமும் ஒரு வரிசை விட்டுவிட்டு மருந்தடிக்கச் சொன்னேன். அந்த வரிசையில் கிளை கழிக்கவும் வேண்டாம் என்றேன்.

"அந்த வரிசையில காய் குறையும் சித்தப்பா."

"குறையும். அதை நான் தர்றேன்."

"காசு யாரு கேட்டா? ஒரு ஓடைக்கு விட்டுப் பாப்போம். ஆனா மருந்தடிக்கிற ஆளுககிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க. நான் சொன்னா, மிச்சம் பிடிக்கச் சொல்றேன்னு நினைச்சுக்குவாங்க."

திங்கட்கிழமை காலை ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் போடச் சொல்லியிருக்கிறேன்.